தோண்டுமுன் எண்ணியவர்களும் தோண்டியபின் எண்ணியவர்களும்



2024 பிப்ரவரி 28 அன்று நம் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில், வெளித்துறைமுகச் சரக்குப் பெட்டக முனையத்துக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். அதிலிருந்து பழைய மாணவர்கள் யாரைப் பார்த்தாலும் பேச்சு அங்கேதான் போய் நிற்கிறது. "சார், நம்ம ஊருக்கு என்ன வரும்?" என்று கேட்கிறார்கள். வேலை வரும், பெரிய கப்பல் வரும், சாலையில் கன்டெய்னர் லாரி கூடும். இதையெல்லாம் என்னைவிட துறைமுகத்தில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் நன்றாகச் சொல்வார்கள்.

நான் வரலாறு எடுத்தவன். எனக்குத் தோன்றும் கேள்வி வேறு. பெரிய கப்பல் வர வேண்டுமென்றால் கடலை ஆழமாக்க வேண்டும். கடலை ஆழமாக்கிய ஊர்களில் கடலடிக்கு என்ன நடந்தது? காப்பாற்றியவர்கள் எப்படிக் காப்பாற்றினார்கள்? காப்பாற்றத் தவறியவர்கள் எங்கே தவறினார்கள்? இதைப் பற்றித்தான் இன்றைய பதிவு. கொஞ்சம் நீளம். வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இன்றாவது முழுதாகப் படியுங்கள்.

நம் கடலில் இருந்தே தொடங்குவோம்.

மன்னார் வளைகுடாவின் அடித்தளத்தை வெறும் மணல் என்று நினைக்காதீர்கள். நம் கடலோடிகள் 'பார்' என்று சொல்வார்கள் அல்லவா, அந்தப் பாறைத் தட்டுகள் கரையிலிருந்து பல மைல் வெளியே, ஐந்து பாகம், பத்து பாகம் ஆழத்தில் பரந்து கிடக்கின்றன. முத்துச்சிப்பி ஒட்டி வளர்வது அந்தப் பாரில்தான். ஒவ்வொரு பாருக்கும் பெயர் உண்டு. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தொல்லாயிரம் பார் அந்தக் காலத்தில் பெயர்பெற்றது. பாருக்கும் கரைக்கும் நடுவே தீவுகள், தீவுகளைச் சுற்றிப் பவளம், பவளத்தை ஒட்டிக் கடற்புல். கடற்புல்லை மேய ஆவுளியா என்கிற கடற்பசு. தூத்துக்குடியில் இருந்து பாம்பன் வரை 21 தீவுகளும் இப்படித்தான்.

முத்துக்குளிப்பின் வரலாற்றில் ஒரு வழக்கத்தை நாம் அதிகம் கவனிப்பதில்லை. டச்சுக்காரர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும், குளிப்பு நடத்துவதற்கு முன் பாரைச் சோதிப்பார்கள். படகில் போய், ஆளை இறக்கி, மாதிரிச் சிப்பிகளை எடுத்து, வயதைப் பார்த்து, முத்தின் மதிப்பைக் கணக்குப் போடுவார்கள். சிப்பி இளசு என்றால் அந்த வருடம் குளிப்பு இல்லை. அரசாங்கத்துக்கு வருமானம் போனாலும் இல்லைதான். பல வருடங்கள் தொடர்ந்து குளிப்பே நடக்காமல் போனதும் உண்டு. கடலடியின் மீது அவர்களுக்குப் பெரிய பாசம் என்று சொல்ல மாட்டேன். அடுத்த குளிப்பு வேண்டும் என்கிற வியாபாரக் கணக்குதான். ஆனாலும் எடுப்பதற்கு முன் எண்ணிப் பார்ப்பது, எண்ணிக்கை சரியில்லை என்றால் நிறுத்துவது என்கிற இரண்டு பழக்கங்களும் இந்தக் கடலில் இருந்தன. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1902-இல் லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மன் என்பவரை இலங்கை அரசு வரவழைத்தது. வளைகுடாவின் அந்தப் பக்கத்துப் பார்களில் சிப்பி ஏன் திடீர் திடீரென்று காணாமல் போகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அவருக்கு உதவியாளராக வந்தவர் ஜேம்ஸ் ஹார்னல். இவர்தான் பின்னால் சென்னை மாகாண மீன்துறையில் பெரிய பொறுப்புக்கு வந்தவர். அவர்கள் கண்ட காரணங்களில் முக்கியமானது மணல். பருவக்காற்றில் புரளும் மணல் இளம் சிப்பிகளை மூடிவிடுகிறது. மூடினால் சாவுதான். அதற்கு அவர்கள் சொன்ன மருந்தைக் கேளுங்கள். மணல் பரப்பில் கல்லையும் ஓட்டையும் கொட்டி, சிப்பிக் குஞ்சு ஒட்டிக்கொள்ள இடம் கொடுக்க வேண்டும். நெருக்கமாக வளர்ந்த குஞ்சுகளைப் பெயர்த்து நல்ல பாரில் கொண்டுபோய் விட வேண்டும். கடலடியைச் சீர்செய்வது என்று இன்று மாநாடு போட்டுப் பேசுகிறார்களே, அந்த யோசனை நம் பக்கத்துக் கடலில் நூற்றிருபது வருடங்களுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. 1906-இல் இலங்கைப் பார்களைக் குத்தகைக்கு எடுத்த ஆங்கிலக் கம்பெனிக்கு முத்து மட்டும் எதிர்பார்த்தபடி கிடைக்கவில்லை. 1907-க்குப் பிறகு பார்கள் வறண்டன. சில ஆண்டுகளில் கம்பெனி கையை விரித்துவிட்டது.

நம் பக்கத்தில் கடைசியாகத் தொடர்ச்சியாக முத்துக்குளிப்பு நடந்தது 1955 முதல் 1961 வரை.

இனி துறைமுகத்துக்கு வருவோம். தூத்துக்குடிக் கடல் கரையோரத்தில் ஆழமில்லாதது. வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய காலத்தில்கூட பெரிய கப்பல் சில மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கையும் ஆளையும் தோணியில் ஏற்றி இறக்குவார்கள். தோணித் தொழில் நம் ஊரில் வேரூன்றியதற்கு இதுதான் காரணம். சுதந்திரத்துக்குப் பிறகு, ஏ.இராமசாமி முதலியார் தலைமையிலான குழு 1950-களில் சேதுக் கால்வாயையும் தூத்துக்குடி துறைமுகத்தையும் சேர்த்தே பரிசீலித்தது. கால்வாய் அப்போது காகிதத்திலேயே நின்றது. துறைமுகம் கட்டப்பட்டது. ஒவ்வொன்றும் சுமார் 4 கி.மீ. நீளமுள்ள இரண்டு அலைதடுப்புக் கரைகளைக் கல்லால் கடலுக்குள் நீட்டி, நடுவே ஆழப்படுத்தி, செயற்கையாக உண்டாக்கிய துறைமுகம் இது. 1974 ஜூலை 11 அன்று பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது.

அந்த வேலை நடந்த காலத்தில் கடலடியில் என்ன இருக்கிறது என்று கணக்கெடுத்துவிட்டுத் தோண்டு என்று சொல்லும் சட்டம் இந்தியாவில் இல்லை. உலகத்தில் பெரும்பாலான நாடுகளிலும் இல்லை. தோண்டிய மண்ணைக் கடலில் எங்கே கொட்டலாம், கொட்டக்கூடாது என்பதற்கான இலண்டன் உடன்படிக்கையே 1972-இல்தான் வந்தது. அதனால் அன்றைய பொறியாளர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

இன்னொரு பக்கம் தீவுகளைச் சுற்றிய பவளத்தைக் கடப்பாரையால் பெயர்த்து வள்ளம் வள்ளமாகக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். சுண்ணாம்புக் காளவாய்க்கும் வீடு கட்டவும் தொழிற்சாலைக்கும் அது போனது. விளைவு உங்களுக்குத் தெரியும். 21 தீவுகளில் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் இருந்த விலங்குசல்லியும், கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் தண்ணீருக்குள் போய்விட்டன. பவளம்தான் அலையின் வேகத்தை உடைத்துத் தீவைக் காத்துவந்தது. காவலைப் பெயர்த்தபின் வீடு எப்படி நிற்கும்? 1986-இல் கடல் தேசியப் பூங்கா, 1989-இல் உயிர்க்கோளக் காப்பகம், 2001-இல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளம் என்று ஒவ்வொன்றாக வந்தன. 2004 சுனாமிக்குப் பிறகு, பவளம் இருந்த இடம் பிழைத்தது என்பதை ஜனங்களே கண்ணால் பார்த்தபின், பெயர்ப்பது ஏறக்குறைய நின்றது.

இனி தூர்வாருவது கடலடியை என்ன செய்கிறது என்று பார்க்கலாம். இது புரியாமல் மற்ற ஊர்க் கதை புரியாது.

டிரெட்ஜர் போகிற பாதையில் உள்ளதெல்லாம் போகும். அது தெரிந்த நஷ்டம், வரைபடத்திலேயே கோடு போட்டுக் காட்டலாம். தெரியாத நஷ்டம் பாதைக்கு வெளியே இருக்கிறது. பாறையை வெட்டும் சக்கரம் அதை மாவாக அரைக்கிறது. உறிஞ்சிய சேறும் நீரும் கப்பலின் தொட்டியில் நிறையும். கனமான மணல் அடியில் தங்கும். மேலே நிற்கும் கலங்கல் நீரை வழியவிட்டால்தான் தொட்டியில் இன்னும் மண் ஏற்ற முடியும். அந்த வழிந்த நீர், பால் கலந்த மாதிரி வெள்ளையாக, நீரோட்டத்தோடு கிலோமீட்டர் கணக்கில் போகும். போய் எங்கோ படியும்.

கடற்புல்லும் நம் வயல் பயிர் மாதிரி வெயிலைத் தின்று வாழ்வது. கலங்கல் பல வாரம் நீடித்தால் இருட்டில் வைத்த செடி போல வெளுத்துச் சாகும். பவளத்தின் உடலுக்குள் நுண்பாசி இருந்து அதற்குச் சோறு போடுகிறது. அதற்கும் வெயில் வேண்டும். கொஞ்சம் தூசி விழுந்தால் பவளம் தானே சளி சுரந்து தள்ளிவிடும். ஆனால் அதற்குச் செலவாகும் தெம்பு கொஞ்சமல்ல. தினமும் விழுந்துகொண்டே இருந்தால் ஒருநாள் கைவிட்டுவிடும். பெரியது தப்பித்தாலும், மிதந்து வரும் குஞ்சு சேறு படிந்த பாறையில் ஒட்டாது. ஹெர்ட்மன் சிப்பிக்குச் சொன்ன அதே மணல் கதைதான்.

இதற்கு மருந்துகளும் உண்டு. வண்டல் திரை என்று நீருக்குள் தொங்கும் துணிச் சுவர் கட்டுவார்கள். அது அமைதியான நீரில் மட்டும் பயன்படும். ஓட்டம் உள்ள இடத்தில் கிழியும், அல்லது அடியில் புகுந்து போகும். தொட்டியை வழியவிடாமல் பாதியிலேயே நிறுத்தலாம், செலவு கூடும். பவளம் முட்டையிடும் நாட்களில் வேலையை நிறுத்தலாம், ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் அப்படிச் செய்கிறார்கள். பாதையில் உள்ள பவளத்தைப் பெயர்த்து வேறு இடத்தில் நடலாம். எல்லாவற்றுக்கும் மேலான மருந்து ஒன்று உண்டு. இவ்வளவு கலங்கலுக்கு மேல் போனால் வேலை நிற்கும் என்று முன்கூட்டியே எண்ணில் எழுதி, அதைத் தினமும் அளப்பது. இந்தக் கடைசி மருந்து என்ன செய்யும் என்பதற்கு இரண்டு ஊர்களின் கதையைச் சொல்கிறேன்.

முதல் கதை டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் நடுவே உள்ள ஓரெசுண்ட் நீரிணையில். அங்கே செய்தது துறைமுகமல்ல, கடல் கடக்கும் பாதை. ஆனால் தோண்டல் ஒன்றுதான், பாடமும் ஒன்றுதான். 1995 முதல் வேலை நடந்தது. 2000 ஜூலை 1 அன்று திறந்தார்கள். சுமார் 16 கி.மீ. பாதையில் ஒரு பகுதி பாலம், ஒரு பகுதி செயற்கைத் தீவு, ஒரு பகுதி கடலடிச் சுரங்கம். இதற்காகக் கடலடியில் ஏறத்தாழ 75 லட்சம் கனமீட்டர் தோண்டினார்கள்.

அந்த நீரிணையின் முக்கியத்துவம் என்னவென்றால், பால்டிக் கடலுக்கு உப்புநீர் போகும் வாசல்களில் அது ஒன்று. வாசல் சுருங்கினால் பால்டிக் மீன்வளமே கெடும் என்று இரு நாட்டு மக்களும் பயந்தார்கள். கரையோரத்தில் கடற்புல்லும் சிப்பிப் படுகைகளும், அவற்றை நம்பி சால்ட்ஹோல்ம் தீவுப் பறவைகளும் இருந்தன. எதிர்ப்பு பலமாக இருந்தது. அரசுகள் இரண்டு நிபந்தனை வைத்தன. ஒன்று, கட்டி முடித்தபின் பால்டிக்குக்குப் போகும் நீரின் அளவு முன்பு போலவே இருக்க வேண்டும். அதற்காகப் பாதைக்குச் சம்பந்தமில்லாத இடத்திலும் கடலடியை ஆழப்படுத்தி ஈடுசெய்தார்கள். இரண்டாவது நமக்கு முக்கியம். தோண்டுவதில் சராசரியாக 5 சதவீதத்துக்கு மேல் நீரில் சிந்தக்கூடாது.

இந்த 5 சதவீதம் ஒப்பந்தத்துக்குள்ளேயே இருந்தது. டிரெட்ஜர் பின்னாலேயே அளக்கும் படகு போனது. கலங்கல் எவ்வளவு, எந்தப் பக்கம் போகிறது என்று அன்றன்றைக்குக் கணக்கு எழுதினார்கள். எல்லை தாண்டும் போலத் தெரிந்தால் வேலையின் வேகத்தையோ இடத்தையோ மாற்ற வேண்டும். கடற்புல்லையும் சிப்பியையும் அவ்வப்போது போய்ப் பார்த்து, அதன் நிலையை வைத்தும் வேலையைத் திருத்தினார்கள். கடைசியில் கணக்குப் பார்த்தபோது சிந்தியது 5 சதவீதத்துக்குள் அடங்கியிருந்தது. தோண்டிய மண்ணையும் கடலில் கொட்டாமல் தீவு கட்டப் பயன்படுத்திக்கொண்டார்கள். பெபர்ஹோல்ம் என்கிற அந்தச் செயற்கைத் தீவில் இன்று செடியும் பறவையும் தாமாக வந்து குடியேறியிருக்கின்றன.

அங்கே உள்ளவர்கள் நம்மைவிட நல்லவர்கள் என்று சொல்லவில்லை. ஒப்பந்தக்காரர் எல்லா ஊரிலும் ஒப்பந்தக்காரர்தான். ஆனால் சிந்தினால் தன் வேலை நிற்கும் என்று தெரிந்த ஒப்பந்தக்காரர் சிந்தாமல் வாரக் கற்றுக்கொள்கிறார்.

இரண்டாவது கதை அமெரிக்காவின் மயாமி. அங்கே நம் மாணவர் சிலர் இருக்கிறீர்கள். உங்கள் ஊரைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம்.

மயாமித் துறைமுகமும் நம்முடையது போல மனிதன் வெட்டியதுதான். 1905-இல் மயாமி கடற்கரையின் தென்முனையைக் குறுக்கே வெட்டி ஒரு வாய்க்கால் உண்டாக்கினார்கள். வெட்டின பக்கத்தில் துண்டாகிப் போன நிலம்தான் இன்றைய ஃபிஷர் தீவு. பிறகு மீண்டும் மீண்டும் ஆழப்படுத்தினார்கள். பனாமா கால்வாயில் பெரிய பூட்டு வாயில்கள் வரப்போகின்றன, பெரிய கப்பல்கள் வரும் என்று தெரிந்ததும், அமெரிக்காவின் கிழக்குக் கரைத் துறைமுகங்களுக்குள் போட்டி. மயாமி 50 அடிக்கும் அதிகமாக ஆழப்படுத்த முடிவு செய்தது. அமெரிக்க இராணுவப் பொறியாளர் படை மேற்பார்வையில் 2013 இறுதியில் தொடங்கி 2015-இல் முடித்தார்கள். 2016 ஜூனில் பனாமாவின் புதிய வாயில்கள் திறந்தன. கப்பல் கணக்கில் பார்த்தால் வெற்றி.

துறைமுக வாய்க்கால் குறுக்கே வெட்டிப் போவது புளோரிடா பவளத்திட்டை. அமெரிக்கப் பெருநிலத்தை ஒட்டியுள்ள ஒரே தடுப்புப் பவளத்திட்டு அது. அங்குள்ள மான்கொம்புப் பவளம் 2006-லேயே அழியும் அபாயத்தில் உள்ளதாகச் சட்டப்படி பட்டியலிடப்பட்டது. ஆகவே சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆய்வறிக்கை இருந்தது. பாதையில் உள்ள பவளங்களில் நூற்றுக்கணக்கானவற்றைப் பெயர்த்து வேறிடத்தில் நட்டார்கள். அடையாளம் போட்ட பவளங்களை நீச்சல் வீரர்கள் போய்ப் பார்க்கவும் ஏற்பாடு இருந்தது. வாய்க்காலுக்கு வெளியே விழும் வண்டலால் வரும் பாதிப்பு தற்காலிகம்தான், பவளம் மீண்டுவிடும் என்று காகிதத்தில் முடிவு செய்திருந்தார்கள். எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது.

2014 நடுவில் புளோரிடா மாநில அதிகாரிகள் இறங்கிப் பார்த்தபோது, திட்டின் மேல் களிமண் போல வெள்ளை வண்டல் படிந்து, பவளங்கள் பாதி புதைந்து கிடந்தன. அரைத்த சுண்ணாம்புப் பாறை சாதாரண மணலைப் போல அலையில் கலைந்து போவதில்லை, பிசின் மாதிரி ஒட்டிக்கொள்கிறது. செயற்கைக்கோள் படத்திலேயே கலங்கல் தெரிந்தது. அந்த வருடம் அக்டோபரில் மயாமி வாட்டர்கீப்பர் என்ற அமைப்பும் கூட்டாளிகளும் வழக்குப் போட்டார்கள். அருகில் மிஞ்சிய மான்கொம்புப் பவளங்களை அவசரமாகப் பெயர்த்து எடுத்துப்போனார்கள். ஆனால் டிரெட்ஜர் நிற்கவில்லை. எந்த எண்ணைத் தாண்டினால் அது நிற்க வேண்டும் என்று யாரும் உறுதியாக எழுதி வைக்கவில்லை.

இதற்குமேல்தான் வரலாற்று மாணவர்கள் கவனிக்க வேண்டிய திருப்பம். அதே 2014 செப்டம்பரில், அதே மயாமிக் கடலில், பவளத் திசுவை அழிக்கும் புது நோய் ஒன்று முதன்முதலாகக் காணப்பட்டது. 2014, 2015 இரண்டு கோடையும் நீர் சூடாகிப் பவளம் வெளுத்தது. பொறியாளர் படை என்ன சொல்லும்? "செத்தது நோயால், தோண்டியதால் அல்ல." எதிர்த்தரப்பு என்ன சொல்லும்? "தோண்டியதால்தான்." பதில் தேட, தூரத்தில் தோண்டல் தொடாத இடங்களோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட வேண்டியதாயிற்று. 2019-இல் வெளியான ஆய்வு, வாய்க்காலில் இருந்து அரைக் கிலோமீட்டருக்குள் மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட பவளங்கள் தோண்டலால் செத்திருக்கும் என்று மதிப்பிட்டது. தோண்டி முடித்து நான்கு வருடம் கழித்து எண்ணிக்கை வருகிறது!

2018-இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. சுமார் 10,000 மான்கொம்புப் பவளங்களை நட்டுத்தர ஒப்புக்கொண்டார்கள். ஐந்து லட்சத்தையும் பத்தாயிரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நட்டது வளர்ந்து பழைய திட்டின் உயரம் வர எத்தனை தலைமுறை ஆகும் என்பது தனிக் கணக்கு.

மயாமியில் நல்லதும் நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். முந்தைய காலத்தில் உள்வளைகுடாவில் தோண்டிப் போட்ட ஒரு பெரிய குழியை, இப்போது தோண்டிய மண்ணாலேயே நிரப்பி, ஆழத்தைக் குறைத்து, வெயில் படச் செய்து கடற்புல் வளர இடம் கொடுத்தார்கள். இன்னொன்று, அருகிலுள்ள போர்ட் எவர்கிளேட்ஸ் துறைமுகத்தையும் இதே போல ஆழப்படுத்தத் திட்டம் தயாராக இருந்தது. 2016-இல் அதற்கு எதிராகவும் வழக்கு வந்தது. மயாமியைக் காட்டிக் கேட்டதால், மறு ஆய்வு செய்யப் பொறியாளர் படை ஒத்துக்கொண்டது. ஒரு ஊரின் நஷ்டம் அடுத்த ஊருக்குப் பாடமாயிற்று.

சிங்கப்பூரில் இருப்பவர்கள் கேட்பீர்கள், எங்கள் ஊரில் பவளத்தைப் பெயர்த்து நட்டார்களே என்று. உண்மை. துவாஸ் பெருந்துறைமுகத்துக்காக 2013, 2014-இல் சுல்தான் திட்டில் இருந்து சுமார் 2,300 பவளத் திரள்களை எடுத்துப்போய் செயின்ட் ஜான்ஸ், சிஸ்டர்ஸ் தீவுகளை ஒட்டி நட்டார்கள். நல்ல முயற்சி. ஆனால் வீடு மாற்றும் லாரியில் பெட்டி, கட்டில்தான் ஏறும். கிணறும் வேப்பமரமும் ஏறாது. பவளத்தைப் பெயர்க்கலாம், அதன் இடுக்கில் வாழ்ந்த அத்தனையையும் பெயர்க்க முடியாது. பெயர்த்து நடுவது கடைசிப் படி. அதை முதல் படியாகக் காட்டினால் சந்தேகப்படுங்கள்.

மீண்டும் நம் கடலுக்கு வருவோம். சீர்செய்வதற்கு என்ன செலவாகும் என்பதை நாம் நேரிலேயே பார்த்துக்கொண்டிருக்கிறோம். தூத்துக்குடிக்குப் பக்கத்து வான்தீவு, பவளம் பெயர்த்த காலத்தின் விளைவாகத் தேய்ந்து தேய்ந்து மறையும் நிலைக்கு வந்தது. 2015-ஐ ஒட்டித் தொடங்கி, சென்னை ஐ.ஐ.டி.யின் வடிவமைப்பில் செய்த கான்கிரீட் செயற்கைப் பார்களைப் பத்தாயிரத்துக்கும் மேல் தீவுக்கு முன்னால் இறக்கினார்கள். தேய்வது மட்டுப்பட்டது. கான்கிரீட்டின் மேல் பவளமும் மீனும் வரத் தொடங்கின. இப்போது காரியசல்லித் தீவுக்கும் அதே வைத்தியம். தூத்துக்குடியில் இருக்கும் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார், சட்டத்தில் சணல் கயிற்றால் கடற்புல் நாற்றைக் கட்டி, கடலடியில் நாற்று நடுவது போல நட்டு வளர்த்திருக்கிறார்கள். 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கி.மீ. பரப்பைக் கடற்பசுக் காப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது.

இவை எல்லாம் நல்ல காரியங்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். கடப்பாரையும் வள்ளமும் மட்டும் வைத்துக்கொண்டு பெயர்த்ததை மீட்க இன்று கோடிக்கணக்கில் கான்கிரீட் இறக்குகிறோம். இறக்கியும் விலங்குசல்லி திரும்பி வரவில்லை.

சட்டமும் நம்மிடம் முன்பு போல இல்லாமல் இல்லை. கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை பவளத்தையும் கடற்புல்லையும் மிக உயர்ந்த பாதுகாப்பு வகையில் வைக்கிறது. புதிதாக ஆழப்படுத்த 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி முன் அனுமதி வேண்டும். ஆனால் மயாமியிலும் சட்டம் இருந்தது, அறிக்கை இருந்தது, அனுமதி இருந்தது. ஓரெசுண்டில் கூடுதலாக இருந்தது ஓர் எண்ணும், அதைத் தினமும் அளந்த படகும்.

துறைமுகம் வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. இந்த ஊர் சோறு தின்பது துறைமுகத்தால். என்னிடம் படித்த எத்தனையோ பிள்ளைகளின் வீட்டு அடுப்பு அதனால்தான் எரிகிறது. தோணி ஓட்டிய ஊர், கப்பலுக்கு வழி விடாமல் இருக்க முடியாது. ஆனால் அதே ஊரில் வலை வீசுகிறவர்களின் மீன் குஞ்சு பொரிப்பது அந்தக் கடற்புல்லில்தான். ஒரு வீட்டு அடுப்பை எரியவைக்க இன்னொரு வீட்டு அடுப்பை அணைக்கத் தேவையில்லை என்பதற்கு ஓரெசுண்ட் சாட்சி.

அதனால் துறைமுகத்தில், அரசு அலுவலகத்தில், பத்திரிகையில், மீனவர் சங்கத்தில் இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். நம் கடலில் எப்போது டிரெட்ஜர் வந்தாலும், கூட்டத்தில் எழுந்து மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள்.

ஒன்று, தோண்டுமுன் கடலடியில் என்னென்ன இருந்தது என்ற கணக்கு எங்கே? பாதைக்குள் மட்டுமல்ல, கலங்கல் போகும் தூரம் வரைக்கும், தீவு வரைக்கும் எடுத்தீர்களா? முன்கணக்கு இல்லையென்றால் பின்னால் யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. மயாமியில் நான்கு வருடம் இழுத்தது அதனால்தான்.

இரண்டு, எந்த எண்ணைத் தாண்டினால் வேலை நிற்கும்? ஒப்பந்தத்தில் அது எழுதியிருக்கிறதா?

மூன்று, அதை அளப்பவர் யார்? ஒப்பந்தக்காரரிடம் சம்பளம் வாங்குபவரா, வேறு ஆளா? அளந்ததை மீனவர் சங்கத்து அறிவிப்புப் பலகையில் அன்றன்றைக்கு ஒட்டுவீர்களா?

இதைக் கேட்கப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. பாரில் சிப்பி இளசாக இருந்தால் குளிப்பை நிறுத்திய கடல் இது. எடுக்குமுன் எண்ணுவது நமக்கு அந்நியப் பழக்கம் அல்ல.

 கப்பலில் இருக்கும் பிள்ளைகள், நீங்கள் போகும் துறைமுகங்களில் தோண்டும் வேலை நடந்தால், அங்கே தண்ணீர் என்ன நிறத்தில் இருக்கிறது, வண்டல் திரை கட்டியிருக்கிறார்களா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்